கவுனி அரிசியும் அரிசிதான்!

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படிக்கவும். சாப்பாட்டுக்கு முன்னால் படித்தால் இன்னும் நல்லது.

இந்த மாதம் மட்டும் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தவை இவை. கருப்புக் கவுனி சாப்பிட்டால் சுகர் ஏறாது. வெள்ளைச் சர்க்கரை விஷம், நாட்டுச் சர்க்கரை மருந்து. ராத்திரி சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் போதும். கஞ்சியை வடித்துவிட்டால் சாதத்தில் சர்க்கரை கிடையாது. அறுபதே நாளில் மாத்திரைக்கு விடை கொடுக்கலாம். அனுப்பியவர்கள் யாரும் படிக்காதவர்கள் அல்ல. இரண்டு பேர் என்னைப் போலவே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். கணக்குப் பாடம் நடத்தியவர்கள். அதனால்தான் கோபம் கூடுதலாக வருகிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைப் 2 சர்க்கரை நோய்க்கு உணவுக் கட்டுப்பாடு என்ற பெயரில் நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் பெயர் மாற்றம்தான். பொன்னி போய்க் கவுனி வருகிறது. சோறு போய்ச் சப்பாத்தி வருகிறது. சீனி போய்க் கருப்பட்டி வருகிறது. தட்டில் இருக்கும் மாவுச்சத்தின் அளவு மட்டும் குறைவதில்லை. உடம்புக்குப் பெயர் தெரியாது, அளவுதான் தெரியும். சோற்றைக் குறைக்க வேண்டும், குறைத்த இடத்தில் பருப்பு, பயறு, காய், தயிர், முட்டை வர வேண்டும். இதைச் சொல்ல யாரும் ஆயிரம் ரூபாய்க்குப் புத்தகம் விற்க வேண்டியதில்லை. ஆனால் இதைச் சொன்னால் யாருக்கும் வியாபாரம் ஆகாது என்பதால்தான் சொல்ல ஆளில்லை.

நான் மருத்துவர் அல்ல. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, மணச்சநல்லூர் ஒன்றியத்துப் பள்ளிகளில் முப்பத்தைந்து வருடம் இருந்தவள். எனக்கே சுகர் வந்து பதினோரு வருடம் ஆகிறது. மாத்திரையும் சாப்பிடுகிறேன், தட்டையும் பார்த்துக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்தது கூட்டல், கழித்தல், பெருக்கல். இந்த விஷயத்துக்கு அது போதும்.

முதலில் கணக்கு

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை வெளியிட்டது. அதில் இருப்பது இது. 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து. புழுங்கலரிசியில் 77. கேழ்வரகில் 67. வரகில் 66. சாமையில் 65 அல்லது 66. கோதுமை மாவில் 64. எல்லாம் சமைக்காத எடைக்கு.

அரிசிக்கும் கேழ்வரகுக்கும் வித்தியாசம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. நார்ச்சத்து அரிசியில் 3 கிராம்கூட இல்லை, கேழ்வரகில் 11 கிராம். அது நல்லதுதான். ஆனால் மாவுச்சத்தைப் பாருங்கள். 78 எங்கே, 67 எங்கே? பத்து பதினோரு கிராம்தான் இடைவெளி. "இது சிறுதானியம், சுகருக்கு நல்லது" என்று சொல்லிக்கொண்டு 100 கிராம் அரிசிக்குப் பதில் 120 கிராம் கேழ்வரகு சாப்பிட்டால் 80 கிராம் மாவுச்சத்து உள்ளே போகிறது. விட்ட சோற்றைவிட அதிகம்! அதையும் மாவாக அரைத்து, கூழாகக் கரைத்து, மடக் மடக்கென்று குடித்தால் இன்னும் சீக்கிரம் ரத்தத்தில் ஏறும். நைஸாக அரைக்க அரைக்க, குழைய வேகவைக்க வேகவைக்க, குடலுக்கு வேலை குறையும்.

சப்பாத்திக் கணக்கு இன்னும் வேடிக்கை. ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு என்று வையுங்கள். நாலு சப்பாத்திக்கு 120 கிராம். அதில் மாவுச்சத்து 77 கிராம். நூறு கிராம் அரிசிச் சோற்றுக்குச் சமம். ஆனால் நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் சாப்பிட்டு எழுந்திருப்பவர் முகத்தைப் பாருங்கள், பெரிய தியாகம் செய்தவர் மாதிரி இருக்கும். "ராத்திரி நான் சோறே தொடுவதில்லை டீச்சர்" என்பார்.

கவுனிக்கு வருவோம். தில்லைநகர் பக்கம் போனாலும் சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி வந்தாலும் "பாரம்பரிய அரிசி" பலகை கண்ணில் படாமல் இருக்காது. பாரம்பரிய நெல்லைக் காப்பாற்ற வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த விவசாயி நாலு காசு பார்க்கட்டும். கவுனியின் கருப்பு நிறத்துக்குக் காரணமான சத்து நல்லதுதான், தவிடு நீக்காததால் நார்ச்சத்தும் கொஞ்சம் கூடுதல். ஆனால் பொன்னியைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கினாலும் அது அரிசிதான். "சர்க்கரை நோயாளிகளுக்கான அரிசி" என்று எழுதி ஒட்டுகிறவர்களை ஒன்று கேளுங்கள்: "இதில் நூறு கிராமுக்கு மாவுச்சத்து எவ்வளவு?" பாக்கெட்டின் பின்பக்கத்தில் அந்த வரி இருக்கும். முன்பக்கப் படத்தைப் பார்த்து வாங்குகிறோம், பின்பக்கத்தைப் படிப்பதில்லை.

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி மூன்றிலும் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ். தேனில் இருப்பது குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். இரும்புச்சத்து இருக்கிறதே என்பார்கள். இரும்புச்சத்துக்குக் கீரை இல்லையா? காபியில் இரண்டு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரையைப் போட்டுவிட்டு "நான் சீனியை விட்டு இரண்டு வருஷமாச்சு" என்பது பெயர்ப் பலகையை மாற்றிவிட்டு அதே கடையை நடத்துவது போல.

வடித்த சாதம்? கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போகும், பெரும்பகுதி சாதத்திலேயே இருக்கும். பழைய சோறு? ஆறிய சோற்றில் சிறிதளவு மாவு சீக்கிரம் செரிக்காத வகையாக மாறுகிறது, உண்மை. அதைச் சொல்லிக்கொண்டு ஒரு சட்டி சாப்பிட முடியாது.

இது என் சொந்தக் கற்பனை அல்ல

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுக்க ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தின. டாக்டர் ஆர்.எம்.அஞ்சனா, டாக்டர் வி.மோகன் ஆகியோர் முன்னின்று செய்தது. 2023-இல் லான்செட் இதழ்க் குழுமத்தில் வெளியானது. நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடி. தமிழ்நாட்டில் இருபது வயதைத் தாண்டியவர்களில் 14.4 சதவீதம், அதாவது ஏழு பேரில் ஒருவர். உங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று தெருவைப் பாருங்கள், ஏழேழாக எண்ணுங்கள்.

அதே கணக்கெடுப்பின் உணவுப் பகுதி 2025-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ என்று மாற்றிக்கொண்டு, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் இருந்தால், நோய் ஆபத்தில் குறைவு காணவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் வகைப் புரதம் வைத்தால் ஆபத்து குறைவாக இருக்கிறது. கணக்கெடுப்பு என்பதால் இதுவே முடிந்த முடிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுப்படிக் கணக்கும் ஆராய்ச்சிக் கணக்கும் ஒரே விடையைத் தந்தால் அதை ஏன் நம்பக் கூடாது?

2022-இல் இதே குழுவினர் இன்னொரு கட்டுரையில் சொன்னது: நோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் மாவுச்சத்தை மொத்தக் கலோரியில் 50 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவந்து, புரதத்தை 20 சதவீதத்தை ஒட்டி ஏற்றினால், நோய் தணியும் வாய்ப்பு உண்டு. கவனியுங்கள், சோற்றையே விடச் சொல்லவில்லை. நம் ஊரில் பேச்சு எப்போதும் இரண்டு முனைதான். ஒன்று குண்டா நிறையச் சோறு, இல்லையென்றால் "அரிசியைக் கண்ணால் பார்க்காதே, வெண்ணெயும் தேங்காயெண்ணெயும் குடி" என்கிற உபதேசம். நடுவில் ஒரு கரண்டி சோறு என்று ஒன்று இருக்கிறது ஐயா!

"என் தாத்தா மூணு வேளையும் சோறுதான் தின்னார்"

இந்த வசனம் இல்லாத விவாதமே கிடையாது. தின்றார், மறுக்கவில்லை. உங்கள் தாத்தா ஏர் ஓட்டினார், நெல் மூட்டை தூக்கினார், லால்குடியிலிருந்து திருவானைக்காவுக்கு நடந்தே வந்தார். நீங்கள் தெற்கு வாசலிலிருந்து அம்மா மண்டபத்துக்கு ஆட்டோவில் போகிறீர்கள். தாத்தாவின் சோறு வேண்டுமென்றால் தாத்தாவின் உழைப்பும் வேண்டும்.

ஆனால் நம் ஆட்கள் சோற்றை ஏன் இப்படிக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. அறுபதுகளில் அரிசிக்குப் பட்ட பாடு தெரியும். 1967 தேர்தலில் ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்பதே பெரிய பேச்சாக இருந்தது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது நம் திருச்சி பாப்பாக்குறிச்சியில்தான். அந்தச் சோற்றுக்காகவே பள்ளிக்கு வந்த பிள்ளைகளை நான் வகுப்பில் வைத்திருந்தேன். தட்டை வழித்து நக்கிய பிள்ளைகளைப் பார்த்தவளுக்குச் சோற்றைக் குறை சொல்ல நாக்கு எழாது. பசித்த வயிற்றுக்குச் சோறு கொடுத்தது பெரிய காரியம்.

அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது வயதை நெருங்குகிறது. பாதிப் பேர் கையில் சுகர் மாத்திரை அட்டை. பசிக்கு எழுதிய சீட்டையே இன்றைய நோய்க்கும் எழுதிக்கொண்டிருக்கிறோம். என் கோபம் இங்கேதான் தொடங்குகிறது.

ரேஷன் அட்டையைப் படியுங்கள்

நாலு பேர் உள்ள ஒரு அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி. 2011 ஜூனிலிருந்து விலையில்லாமல். சர்க்கரை ஆளுக்கு அரைக் கிலோ வீதம் 2 கிலோ. துவரம் பருப்பு 1 கிலோ. பாமாயில் 1 லிட்டர்.

வகுத்துப் பார்ப்போம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அரிசி 167 கிராம். சர்க்கரை 16 கிராமுக்கு மேல். பருப்பு 8 கிராம். எட்டு கிராம் பருப்பு! அதில் புரதம் இரண்டு கிராம்கூடத் தேறாது. 60 கிலோ எடை உள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். ஏழில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் உள்ள மாநிலத்தில், நாம் தரும் பொருளில் பருப்பைப் போல் இரண்டு மடங்கு சர்க்கரை. போதாததற்குச் சர்க்கரை அட்டை என்று ஒன்று. அரிசி வேண்டாம் என்பவர்களுக்குப் பதிலாகக் கூடுதல் சர்க்கரை. இதைப் படித்துச் சிரிப்பதா அழுவதா?

எந்தக் கட்சி ஆட்சி என்று பார்த்து நான் இதை எழுதவில்லை. இரண்டு கட்சிகளும் மாறி மாறி அரிசி விலையைக் குறைத்தன. பருப்பின் அளவை ஏற்றவேண்டும் என்று யாரும் பெரிதாகக் குரல் கொடுக்கவில்லை. 2023-இல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கும் திட்டம் வந்தது. வரவேற்கிறேன். ஆனால் அதுவும் மாவுக்குப் பதில் மாவு. அரிசியில் 2 கிலோ வேண்டாம் என்பவருக்கு ஒரு கிலோ பாசிப்பயறோ கொண்டைக்கடலையோ கொடுங்கள் என்பதே என் கோரிக்கை. மாற்றிக் கொடுக்க முடியும் என்பதைத்தான் கேழ்வரகுத் திட்டம் காட்டிவிட்டதே!

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், "புரதம் கூட்டுங்கள்" என்று ஏழைக்கு உபதேசம் செய்வது சுலபம். இலவசமாக வருவது அரிசி, காசு கொடுத்தால் வருவது பயறு. வீட்டு வேலைக்கு வரும் ஒரு அம்மாவிடம் பாதாம் நாலு, ஓட்ஸ் ஒரு கப், ஆலிவ் எண்ணெய் இரண்டு ஸ்பூன் என்று அச்சடித்த தாளைப் பார்த்தேன். மருத்துவமனையில் கொடுத்தார்களாம். எந்த மருத்துவமனை என்பது முக்கியமில்லை, எல்லா இடத்திலும் இதே தாள்தான் சுற்றுகிறது. அந்த அம்மா என்னிடம், "ஓட்ஸுன்னா என்ன டீச்சரம்மா, அது காந்தி மார்க்கெட்டுல கிடைக்குமா?" என்று கேட்டார். "இத்தனை கரண்டி சோறு, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு, கீரை எவ்வளவு வேண்டுமானாலும், ஒரு முட்டை" என்று எழுதிக் கொடுக்க அந்தத் தாளில் இடமா இல்லை?

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். மாத்திரை வீடு தேடி வருகிறது. அதைக் கொண்டுவரும் பெண் தன்னார்வலர்கள் அதே தெருவில், அதே அடுப்பில் சமைக்கிறவர்கள். அவர்கள் கையில் ஒரு தட்டுப் படத்தையும் ஒரு அளவுக் கரண்டியையும் கொடுத்துப் பாருங்கள். எந்த யூடியூப் சானலும் அவர்கள் முன் நிற்காது.

மாத்திரையை நிறுத்தச் சொல்பவர்களுக்கு

எனக்குத் தெரிந்த ஒருவர், பெயர் வேண்டாம், ஏதோ ஒரு கஷாயத்தை நம்பி எட்டு மாதம் மாத்திரையையும் நிறுத்தினார், பரிசோதனையையும் நிறுத்தினார். காலில் செருப்பு கடித்த புண். வலி தெரியவில்லை, சர்க்கரை நரம்பைத் தின்றிருந்தது. இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கஷாயம் விற்றவருடைய போன் இப்போது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

உணவால் நோய் தணிவதே பொய் என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்தில் பேராசிரியர்கள் மைக் லீன், ராய் டெய்லர் நடத்திய டைரெக்ட் ஆய்வில், நாளுக்கு 850 கலோரி அளவில் சில மாதங்கள் இருந்து எடையைக் குறைத்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்தில் மருந்தில்லாமல் சர்க்கரை சரியான அளவுக்கு வந்தது. இரண்டாம் வருடம் அது 36 சதவீதம். ஃபார்வர்டு அனுப்புகிறவர்கள் இதைப் பாதி சொல்கிறார்கள். மீதிப் பாதி: அவர்கள் எல்லோரும் நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள், எடை கூடியவர்கள், இன்சுலின் போடாதவர்கள். மாத்திரையை நிறுத்தியது மருத்துவக் கண்காணிப்பில். எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்பும். இதற்குத் தணிவு என்று பெயர். மூன்று மாதம் மருந்தில்லாமல் எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தால்தான் அந்தப் பெயரையே சொல்லலாம். முற்றாகக் குணம் என்று சொல்வது வியாபாரம்.

இன்னும் சில எச்சரிக்கைகள். கவனமாகப் படியுங்கள்.

கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் டாக்டரிடம் சொல்லாமல் திடீரெனச் சோற்றைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை கீழே இறங்கிவிடும். வேர்வை, நடுக்கம், கண் இருட்டல் வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடிக்க வேண்டும். அந்த நேரத்தில் சர்க்கரைதான் மருந்து.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். ஏகாதசிக்கு நிர்ஜலமாக இருந்துகொண்டு காலை மாத்திரையை வழக்கம்போல் விழுங்காதீர்கள். முதல் வாரமே டாக்டரைக் கேளுங்கள். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். துவாதசிப் பாரணையில் இரண்டு நாள் சாப்பாட்டை ஒரே இலையில் சாப்பிடுவதும் விரதத்தில் சேராது.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாவுச்சத்தை அறவே விடும் டயட்டில் இறங்கினால், சர்க்கரை அவ்வளவாக ஏறாமலே ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. சிறுநீரகம் கெட்டவர்கள் புரதத்தையும், இளநீர், வாழைத்தண்டுச் சாறு போன்றவற்றையும் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது. டைப் 1 பிள்ளைகளுக்கு இன்சுலினை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

வீட்டுக்குள் ஒரு வார்த்தை

கணவருக்குச் சுகர் என்றால் வீட்டில் தனிச் சமையல். தனியாகக் கீரை, தனியாகச் சுண்டல், எண்ணெய் தனி. மனைவிக்குச் சுகர் என்றால்? அவள் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மூன்று மணிக்கு உட்காருவாள். காய் தீர்ந்திருக்கும். பருப்பு அடியில் ஒட்டியிருக்கும். மீந்தது சோறு, அதில் கொஞ்சம் குழம்பு. "வீணாகக் கூடாதே" என்று அதையும் போட்டுக்கொள்வாள். என் வயதுப் பெண்களில் எத்தனை பேர் மீந்த சோற்றுக்குக் குப்பைக் கூடையாக வாழ்ந்திருக்கிறோம்! உங்கள் அம்மாவுக்குச் சுகர் என்றால் கவுனி அரிசி வாங்கிக் கொடுத்துப் புண்ணியம் தேட வேண்டாம். காயும் பருப்பும் இருக்கும்போதே அவளை உட்கார வைத்துப் பரிமாறுங்கள்.

அப்புறம் நம்ம உபசாரம். "இன்னும் ஒரே ஒரு கரண்டி போட்டுக்கோங்கோ மாமா, ஒண்ணும் ஆகாது." ஆகும். மாமாவுக்கு ஏற்கெனவே ஆகியிருக்கிறது. அன்பைக் காட்ட ஆசையாக இருந்தால் அவியலை இன்னொரு கரண்டி போடுங்கள். புளியோதரையும் அக்காரவடிசலும் பிரசாதம் என்றால் உள்ளங்கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு வாய். தொன்னை நிறைய வாங்கினால் அதற்குப் பெயர் டிபன்.

செய்து பாருங்கள்

என் மதியத் தட்டு இது. 50 கிராம் அரிசிச் சோறு. மெஷின் இல்லாதவர்கள் ஒரு சின்ன டம்ளரை ஒருமுறை கடையில் எடைபோட்டு அதையே வைத்துக்கொள்ளலாம். பாதித் தட்டு காய்: அவரை, புடலை, கொத்தவரை, கீரை, வாழைப்பூ. வாழைக்கென்று தேசிய ஆராய்ச்சி மையமே இருக்கிற ஊர் நம்முடையது, பூவுக்கும் தண்டுக்கும் பஞ்சமில்லை. கால் தட்டு கெட்டிப் பருப்பு அல்லது சுண்டல் அல்லது முட்டை. உருளை, சேனை, மரவள்ளி காய்க் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில் வரும். முதலில் காய், பிறகு பருப்பு, கடைசியில் சோறு. இந்த வரிசையில் சாப்பிட்டாலே சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவாக ஏறுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாப்பிட்ட பின் படுக்காமல் கால் மணி நேரம் நடை. சித்திரை வீதியில் நிழல் இருக்கிறது. உங்கள் அளவு 50 கிராமா 70 கிராமா என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும், நான் சொல்ல மாட்டேன்.

நம்பிக்கை இல்லாதவர்கள் குளுக்கோமீட்டரை எடுங்கள். ஒரு நாள் கவுனிச் சோறு உங்கள் வழக்கமான அளவில். சாப்பாட்டுக்கு முன் ஒரு சோதனை, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. இன்னொரு நாள் சாதாரணப் பொன்னிச் சோறு பாதி அளவில், கூடவே இரண்டு மடங்கு காயும் பருப்பும். அதே இரண்டு சோதனை. நோட்டில் எழுதிப் பாருங்கள். ஸ்ட்ரிப் விலை ஒரு டீ, ஒரு வடை. என்னை நம்ப வேண்டாம், உங்கள் விரலில் வரும் ரத்தத்தை நம்புங்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் சென்னையிலிருந்து நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நோயின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்று வருடம் வரை கவனித்தார்கள். உணவும் நடையும் மாற்றியவர்களுக்கு நோய் வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தவர்களுக்கு 26.4 சதவீதம். இரண்டும் சேர்த்தவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை. மாத்திரைக்குச் சமமான வேலையைத் தட்டு செய்திருக்கிறது. நம் ஊர் ஆட்களிடம், நம் ஊர்ச் சாப்பாட்டில் செய்து காட்டியது இது.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள். "எங்க மாமாவுக்குக் கவுனியில குறைஞ்சுது" என்று எழுதுகிறவர்கள், மாமா முன்பு எத்தனை கரண்டி சாப்பிட்டார், இப்போது எத்தனை கரண்டி சாப்பிடுகிறார் என்பதையும் சேர்த்து எழுதவும். விலை அதிகம் என்பதால் மாமி குறைவாக வடிக்கிறாளோ என்னவோ!

ரேஷனில் பருப்பு, பயறு பற்றிய கோரிக்கையை எழுதி மாவட்ட ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமை மனு நாளில் கொடுக்கப் போகிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ள திருச்சி, ஸ்ரீரங்கம், திருவானைக்கா நண்பர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். இந்தப் பதிவை யார் வேண்டுமானாலும் பகிரலாம், பெயர் போட வேண்டியதில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் செய்தி உங்கள் குழுவில் வந்தால் அதற்குக் கீழே இதை ஒட்டிவிடுங்கள்.


ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, ஸ்ரீரங்கம்